மீன்குஞ்சில் சிப்1ஏ: மாசு ஒரு மரபணுவை எழுப்புவதை அளக்கும் செய்முறை

ஒரு வாய்க்கால் வண்டலை ஜிசி-எம்எஸ் கருவிக்குக் கொடுத்தால் அதில் என்னென்ன வேதிப்பொருள்கள் இருக்கின்றன என்று பட்டியல் வந்துவிடும். அவை ஓர் உயிருக்குள் போய் என்ன செய்தன என்று கருவிக்குத் தெரியாது. அதை மீனிடம்தான் கேட்க வேண்டும். நிலக்கரி, டீசல், குப்பை எரிப்பு ஆகியவற்றிலிருந்து வரும் பல்வளைய ஹைட்ரோகார்பன்களும் (இனி பிஏஹெச்) டயாக்சின், பிசிபி வகையைச் சேர்ந்த குளோரின் கலந்த நச்சுப் பொருள்களும் மீனின் உடலில் நுழைந்தால் முதலில் துள்ளி எழும் மரபணு சிப்1ஏ. அந்தத் துள்ளலை வரிக்குதிரை மீனின் குஞ்சில் கியூபிசிஆர் (மரபணுத் துண்டைச் சுழற்சி சுழற்சியாகப் பெருக்கி அதன் அளவைக் கணக்கிடும் முறை) வழியாக அளப்பதற்கான முழுச் சுற்றும் கீழே இருக்கிறது. சுற்றுச்சூழல் அறிவியலிலும் உயிர்த்தொழில்நுட்பத்திலும் முதுகலைத் திட்டம் செய்பவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளும்படி அளவுகளோடு எழுதியிருக்கிறோம்.

முதலில் உள்ளே நடப்பது. செல்லின் திரவப் பகுதியில் ஏஹெச்ஆர் என்ற ஏற்பிப் புரதம் ஹெச்எஸ்பி90 முதலிய துணைப் புரதங்களோடு கட்டுண்டு சும்மா கிடக்கும். பிஏஹெச் மூலக்கூறு வந்து பொருந்தியதும் அது உட்கருவுக்குள் போய் ஆர்ன்ட் என்ற இன்னொரு புரதத்தோடு ஜோடி சேர்ந்து, சிப்1ஏ மரபணுவுக்கு முன்னால் இருக்கும் சில குறிப்பிட்ட டிஎன்ஏ துண்டுகளில் போய் உட்காரும். உடனே சிப்1ஏ-வின் எம்ஆர்என்ஏ (மரபணுவின் ஆர்என்ஏ நகல்) மளமளவென்று எழுதப்படும். வரிக்குதிரை மீனில் ஏஹெச்ஆர் மரபணு ஒன்றுக்கு மேல் உண்டு. அவற்றில் இந்த வேலையைப் பெரும்பாலும் பார்ப்பது ஏஹெச்ஆர்2. மாசு படாத குஞ்சில் சிப்1ஏ மிகக் குறைவாகவே இருக்கும். அடித்தளம் தாழ்வாக இருப்பதால் ஏற்றம் பளிச்சென்று தெரிகிறது. இந்த வேலைக்கு இதைவிடத் தோதான மரபணு கிடைப்பது கடினம்.

வரிக்குதிரை மீன் நம் துணைக்கண்டத்து மீன். கங்கை, பிரம்மபுத்திரா வடிநிலங்களின் ஓடைகளிலும் வயல் ஓரத்து நீரிலும் வாழ்வது. அதன் முழு மரபணுத் தொகுதி 2013-இல் வெளியானது. மனித மரபணுக்களில் சுமார் 70 விழுக்காட்டுக்கு இணையானவை அதில் உண்டு என்பதும் அப்போதுதான் தெளிவானது. முட்டை கண்ணாடி போல இருப்பதும், வாராவாரம் நூற்றுக்கணக்கில் கிடைப்பதும், குஞ்சு மூன்று நாளில் பொரிந்துவிடுவதும் நமக்கு வேண்டிய வசதிகள்.

தாய் மீன்கள்

சென்னை கொளத்தூர் போன்ற அலங்கார மீன் சந்தைகளில் இவை மலிவாகக் கிடைக்கும். வாங்கும்போது சாதாரணக் கோடு போட்ட வகையையே கேட்டு வாங்குங்கள். சிவப்பு, பச்சை என்று ஒளிரும் வகை மரபணு மாற்றப்பட்டது. அதன் உடலில் உள்ள ஒளிர்புரதம் பின்னால் ஒளிர்வு அளவீடுகளைக் கெடுக்கும். சந்தை மீனை நேரடியாகச் சோதனைக்கு எடுக்கவும் கூடாது. எந்த மருந்துக் குளியல் போட்டு விற்றார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவற்றைத் தனித் தொட்டியில் குறைந்தது ஒரு மாதம் வைத்துப் பார்த்து, அவை ஈனும் தலைமுறையை வளர்த்து, அந்தத் தலைமுறையின் முட்டைகளை எடுப்பதே சரி. தொட்டியில் கைவிடும்போது கையுறை அவசியம். மீன்களில் இருக்கும் மைகோபாக்டீரியம் மரினம் கையில் வெட்டுக்காயம் இருந்தால் ஆறாத புண்ணை உண்டாக்கும்.

தண்ணீர் 28 டிகிரி செல்சியஸ், பிஹெச் 7-க்கும் 8-க்கும் நடுவில். குழாய் நீரில் குளோரின் இருந்தால் சோடியம் தயோசல்ஃபேட் போட்டு நீக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமாக இருக்கும் ஊர்களில் ஆர்.ஓ. நீரில் கடல் உப்புக் கலவையைக் கரைத்துக் கடத்துத்திறனை 500 மைக்ரோசீமென்ஸ் அளவில் நிறுத்துவது நல்லது. விளக்கு 14 மணி நேரம் எரிய வேண்டும், 10 மணி நேரம் அணைந்திருக்க வேண்டும். இதற்கு டைமர் வையுங்கள், ஆளை நம்ப வேண்டாம். விளக்கு எரிவதுதான் இந்த மீனுக்கு முட்டையிடும் சமிக்ஞை.

மீன் அறையில் கொசுவத்தி, பிளக்கில் செருகும் கொசுவிரட்டி, சாம்பிராணி எதுவும் கூடாது. பைரித்ராய்டு வகைக் கொசுவிரட்டி மருந்துகள் மீனுக்குக் கொடும் நஞ்சு. புகை வகைகள் இன்னும் தந்திரமானவை. மீன் சாகாது, ஆனால் புகையில் இருப்பது நாம் அளக்கப் போகும் அதே பிஏஹெச். ஜெனரேட்டர் புகை வரும் ஜன்னலுக்குப் பக்கத்தில் காற்றுப் பம்பை வைப்பதும் இதே கதைதான். பம்பு அந்தக் காற்றை நேராகத் தொட்டிக்குள் இறைக்கும்.

முட்டை வேண்டிய நாளுக்கு முந்தைய மாலையில், அடியில் வலை போட்ட இனப்பெருக்கப் பெட்டியில் இரண்டு பெண்ணுக்கு இரண்டு அல்லது மூன்று ஆண் என்று விட்டு, நடுவில் தடுப்பு வையுங்கள். பெண்ணின் வயிறு உருண்டு வெள்ளியாக இருக்கும். ஆண் ஒல்லியாக, வயிற்றுப் பக்கம் இளமஞ்சளோடு இருக்கும். காலையில் விளக்கு எரிந்ததும் தடுப்பை எடுத்தால் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் முட்டைகள் வலை வழியாக அடியில் விழுந்திருக்கும். வலை இல்லாவிட்டால் பெற்றவையே தின்றுவிடும்.

ஒரே பெண்ணின் முட்டைகளை வைத்துச் சோதனை செய்யக் கூடாது. குறைந்தது மூன்று நான்கு பெட்டிகளின் முட்டைகளை ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து எல்லாக் குழுவுக்கும் பிரிக்க வேண்டும். கலந்த பின் நுண்ணோக்கியில் பார்த்து, கருவுற்றவற்றை மட்டும் பொறுக்குங்கள். இரண்டு மணி நேரத்தில் செல்கள் அழகாகச் சம அளவில் பிரிந்திருக்கும். வெளுத்துப்போனதும் கோணலாகப் பிரிந்ததும் வெளியே. கருவுறும் விகிதம் 70 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அந்தத் தொகுதியையே விட்டுவிடுங்கள். மீன் கரு நச்சுச் சோதனைக்கான ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) வழிகாட்டி 236 வைத்திருக்கும் வரம்பும் அதுதான்.

ஈ3 கரைசலும் முதல் மூன்று நாளும்

குஞ்சு வளர்ப்புக்கு ஈ3 கரைசல். அறுபது மடங்கு அடர்த்தியில் ஒரு லிட்டர் செய்து வைத்துக்கொள்ளலாம்: சோடியம் குளோரைடு 17.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.76 கிராம், கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 2.9 கிராம், மெக்னீசியம் சல்ஃபேட் ஹெப்டாஹைட்ரேட் 4.9 கிராம். இதில் 16.7 மி.லி. எடுத்து ஒரு லிட்டராக்கினால் வேலைக் கரைசல். பாட்டிலில் எந்த ஹைட்ரேட் என்று படித்துவிட்டு எடை போடுங்கள். நீரற்ற கால்சியம் குளோரைடை இதே எடையில் போட்டால் கால்சியம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். ஈ3-க்குத் தாங்கல் திறன் கிடையாது, பிஹெச் 6 வரை இறங்கும். சில துளி சோடியம் பைகார்பனேட் கரைசலால் 7.2-க்குக் கொண்டுவந்துவிட்டுத் தொடங்குங்கள்.

பூஞ்சை வராமலிருக்கப் பல ஆய்வகங்கள் மெத்திலீன் நீலம் சேர்க்கும். இந்தச் சோதனையில் வேண்டாம். அதுவும் ஒரு வேதிப்பொருள், ஒளிர்வையும் கெடுக்கும். நிறமியைத் தடுக்கும் ஃபினைல்தயோயூரியாவும் வேண்டாம். அது தைராய்டைத் தொடும் பொருள். செத்த முட்டையைக் காலை மாலை பொறுக்கி எடுத்துக் கரைசலை மாற்றினாலே பூஞ்சை அண்டாது.

வெப்பநிலை 28.5 டிகிரி. இன்குபேட்டர் கட்டாயம். வெப்பமூட்டி மட்டும் இருக்கும் பெட்டி கோடையில் உதவாது, குளிரூட்டும் வசதியும் வேண்டும். 'கருவுற்று 72 மணி' என்ற வளர்ச்சிநிலைக் கணக்கு 28.5 டிகிரிக்கு மட்டுமே பொருந்தும். 31 டிகிரியில் வளர்ந்த குஞ்சும் 26 டிகிரியில் வளர்ந்த குஞ்சும் கடிகாரத்தில் ஒரே வயது, உடலில் வேறு வேறு வயது. இரண்டையும் ஒப்பிட்டால் வரும் மரபணு வித்தியாசம் மாசினால் வந்ததல்ல.

72 மணிக்குள் பெரும்பாலானவை பொரிந்துவிடும். மாசைக் கொடுப்பது அப்போதுதான், 72 மணியிலிருந்து 96 மணி வரை. முட்டையிலேயே தொடங்கலாமே என்ற கேள்வி வரும். முட்டையைச் சுற்றியுள்ள கோரியான் உறை சில மூலக்கூறுகளை உள்ளே விடும், சிலவற்றைத் தடுக்கும். ஒவ்வொரு குஞ்சும் ஒவ்வொரு நேரத்தில் பொரிவதால் உள்ளே போன அளவும் ஆளுக்கு ஆள் மாறும். பொரிந்த பிறகு தொடங்கினால் அந்தக் குழப்பமே இல்லை.

96 மணியில் முடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 120 மணிக்குப் பிறகு குஞ்சு தானாக இரை தேடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010 விலங்குப் பாதுகாப்பு நெறிமுறை தானாக உண்ணும் நிலையிலிருந்துதான் மீன்குஞ்சைச் சோதனை விலங்காகக் கணக்கிடுகிறது. நம் நிறுவனத்தில் எப்படி என்பதை விலங்கு நெறிமுறைக் குழுவிடம் தொடங்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தாய் மீன் வளர்ப்புக்கும் சேர்த்துத்தான்.

மாசைக் கொடுப்பது

தெரியாத மாதிரிக்குப் போகும் முன், தெரிந்த பொருளால் முறை வேலை செய்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். அதற்குப் பீட்டா-நாஃப்தோஃபிளேவோன் (பிஎன்எஃப்) நல்லது. ஏஹெச்ஆரை நன்றாக எழுப்பும். பென்சோபைரீன் போல உறுதியான புற்றுநோய்க் காரணி அல்ல. இருந்தாலும் நைட்ரைல் கையுறையோடு, காற்றுறிஞ்சு பெட்டிக்குள் வைத்து எடை போடுங்கள்.

மூலக்கூறு எடை 272.3. அதாவது 1 மி.லி. டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் 2.72 மி.கி. கரைத்தால் 10 மில்லிமோலார். இதிலிருந்து டிஎம்எஸ்ஓ-விலேயே 3, 1, 0.3 மில்லிமோலார் என்று இறக்குங்கள். ஒவ்வொன்றிலும் 5 மைக்ரோலிட்டரை 50 மி.லி. ஈ3-இல் விட்டால் 1, 0.3, 0.1, 0.03 மைக்ரோமோலார் கிடைக்கும். எல்லாக் குவளையிலும் டிஎம்எஸ்ஓ 0.01 விழுக்காடு. ஐந்தாவது குவளையில் வெறும் டிஎம்எஸ்ஓ 5 மைக்ரோலிட்டர், ஆறாவதில் வெறும் ஈ3. இறக்குவதைத் தண்ணீரில் செய்து ஒவ்வொரு குவளையிலும் வேறு வேறு அளவு டிஎம்எஸ்ஓ விடுவது அடிக்கடி பார்க்கும் கோளாறு. அப்படிச் செய்தால் அளவு ஏற ஏற வரும் மாற்றம் மாசாலா கரைப்பானாலா என்று பிரிக்கவே முடியாது. ஓஇசிடி 236-உம் கரைப்பானை லிட்டருக்கு 100 மைக்ரோலிட்டருக்கு மேல் விடாதே என்கிறது. அதுவும் இதே 0.01 விழுக்காடுதான்.

டிஎம்எஸ்ஓ பற்றி மூன்று விஷயங்கள் கவனத்தில் இருக்கட்டும். அது சுமார் 18.5 டிகிரியில் உறையும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குழாய் பாதி உருகியிருக்கும்போது பிப்பெட் செய்தால் அடர்த்தி தாறுமாறாகும். முழுக்க உருக்கிக் கலக்கிய பிறகே எடுங்கள். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். திறந்து மூடி வைத்த பழைய பாட்டிலில் நீர் ஏறி, பிஎன்எஃப் பொடியாகப் பிரியும். சிறு குழாய்களில் பங்கிட்டு வைத்து ஒரு முறை திறந்ததை எறிந்துவிடுங்கள். மூன்றாவது, அது தண்ணீரைவிடக் கனமானது. குஞ்சுகள் இருக்கும் குவளையில் விட்டால் துளி நேரே அடிக்கு இறங்கும். இந்த வயதுக் குஞ்சுகள் படுத்துக் கிடப்பதும் அடியில்தான். ஆகவே முதலில் கரைசலைத் தயாரித்து நன்றாகச் சுழற்றிக் கலந்து, அதற்குப் பிறகே குஞ்சுகளை விட வேண்டும்.

குவளை கண்ணாடியாக இருக்கட்டும். பிஎன்எஃப், பிஏஹெச் போன்றவை கொழுப்பை நாடும் பொருள்கள். பாலிஸ்டைரீன் தட்டில் ஊற்றினால் கணிசமான பங்கு தட்டின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். 24 மணி நேரமும் ஒரே கரைசலில் விடாமல், 12 மணியில் ஒருமுறை புதிதாக மாற்றினால் அடர்த்தி இன்னும் நிலையாக இருக்கும்.

ஒவ்வொரு குவளையிலும் 25 குஞ்சுகள். சிறு நைலான் வலையில் ஏந்தி, நீரை வடித்துவிட்டு மாற்றுங்கள். பிப்பெட்டில் உறிஞ்சி மாற்றினால் கூடவே இரண்டு மூன்று மி.லி. நீர் போய்க் கரைசலை நீர்த்துவிடும்.

பிறகு எல்லாவற்றையும் கருப்புத் தாளால் மூடி இருட்டில் வையுங்கள். இந்தப் படியைப் பலர் கோட்டை விடுகிறார்கள். காரணம் இரண்டு. ஆந்த்ரசீன் போன்ற சில பிஏஹெச்கள் புற ஊதா ஒளி பட்டால் பல மடங்கு நஞ்சாகும். அடுத்தது இன்னும் நுட்பமானது: டிரிப்டோஃபேன் என்ற சாதாரண அமினோ அமிலம் ஒளி பட்டு எஃப்ஐசிஇசட் என்ற பொருளாக மாறும். ஏஹெச்ஆரோடு மிக இறுக்கமாகப் பொருந்தும் பொருள்களில் அதுவும் ஒன்று. அதாவது மாசே இல்லாமல், வெறும் வெளிச்சத்தாலேயே சிப்1ஏ ஏறலாம். ஜன்னல் ஓரத்துக் குவளையில் கட்டுப்பாட்டுக் குழு ஏறியிருந்தால் முதலில் வெளிச்சத்தைச் சந்தேகியுங்கள்.

ஆர்என்ஏ எடுத்தல்

96 மணி ஆனதும் ஒவ்வொரு குவளையிலும் இறந்தவை, வளைந்தவை, இதயப் பையில் நீர் கோத்தவை எத்தனை என்று எண்ணி எழுதிவிட்டு, நல்ல 20 குஞ்சுகளை எடுங்கள். பாதிக் குஞ்சு செத்துக்கொண்டிருக்கும் குவளையின் மரபணு அளவீடு சாவைப் பற்றிய அளவீடாகத்தான் இருக்கும். சோடியம் பைகார்பனேட்டால் நடுநிலையாக்கிய டிரைகெய்னை மிகை அளவில் கொடுத்து மயக்கி, இதயத் துடிப்பு நின்றபின் 1.5 மி.லி. குழாய்க்கு மாற்றுங்கள். எல்லாக் குழுவையும் நாளின் ஒரே நேரத்தில், அரை மணி நேர இடைவெளிக்குள் எடுத்து முடிக்க வேண்டும். பல மரபணுக்கள் பகல் இரவுச் சுழற்சியோடு ஏறி இறங்குகின்றன. கட்டுப்பாட்டைக் காலையிலும் அதிக அளவுக் குழுவை மாலையிலும் எடுத்தால் அந்தச் சுழற்சியும் முடிவில் கலந்துவிடும்.

குழாயில் இருக்கும் நீரை நுண்முனையால் ஒட்ட உறிஞ்சி எடுங்கள். குஞ்சு முனையில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குப் போனால்தான் சரி. ட்ரைசால் (செல்லை உடைத்து ஆர்என்ஏ-வைப் பிரிக்கும் திரவம்) 500 மைக்ரோலிட்டர் ஊற்றும்போது மீந்த நீர் அதில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். கூடினால் குளோரோஃபார்ம் விட்டபின் அடுக்குகள் பிரியாமல் நடுவில் மேகம் போல நிற்கும். பிளாஸ்டிக் குத்துக்கோலால் நன்றாக மசித்து, பிறகு 23 கேஜ் ஊசி வழியாகப் பத்துப் பதினைந்து முறை இழுத்துவிடுங்கள். துண்டு எதுவும் கண்ணுக்குத் தெரியக் கூடாது. மசித்ததை இந்த நிலையில் மைனஸ் 80-இல் வைத்துவிட்டு மற்ற தொகுதிகளோடு சேர்த்து ஒரே நாளில் தொடரலாம்.

குளோரோஃபார்ம் 100 மைக்ரோலிட்டர், 15 விநாடி பலமாகக் குலுக்கி, மூன்று நிமிடம் வைத்து, 4 டிகிரியில் 12,000 ஜி வேகத்தில் 15 நிமிடம் சுழற்றுங்கள். மேலடுக்கில் முக்கால் பங்கை மட்டும் எடுங்கள். பேராசைப்பட்டு வெள்ளை அடுக்குவரை போனால் டிஎன்ஏவும் புரதமும் வரும். ஐசோபுரோப்பனால் 250 மைக்ரோலிட்டர், கிளைகோஜன் 1 மைக்ரோலிட்டர் சேர்த்துப் பத்து நிமிடம், பிறகு மறுபடி சுழற்சி. கிளைகோஜன் இல்லாவிட்டால் இவ்வளவு சிறிய வீழ்படிவு கண்ணில் படாமல் கொட்டிப்போகும். 75 விழுக்காடு எத்தனாலில் இரண்டு முறை கழுவுங்கள். 260, 230 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சும் அளவுகளின் விகிதம் (260/230) 1-க்குக் கீழே வந்தால் பெரும்பாலும் குவானிடின் உப்பு கழுவப்படாமல் நிற்கிறது என்று பொருள். இரண்டாவது கழுவல் அதைத் தீர்க்கும். உலர்த்துவது ஐந்து நிமிடம் போதும். காய்ந்து கண்ணாடித் தகடு போல ஆகிவிட்டால் கரையாது.

வீழ்படிவு சற்றுச் சாம்பல் நிறமாக இருந்தால் அது குஞ்சின் கண்ணிலும் தோலிலும் உள்ள மெலனின். மெலனின் பிசிஆர் நொதியைத் தடுக்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி: இந்த ஆர்என்ஏ-விலிருந்து அடுத்த கட்டத்தில் செய்யும் சிடிஎன்ஏ-வை (ஆர்என்ஏ-வின் டிஎன்ஏ நகல்) நான்கு மடங்கு நீர்த்து, கியூபிசிஆரில் மறுபடி ஓட்டுங்கள். சிடி மதிப்பு, அதாவது ஒளிர்வு வரம்பைத் தாண்டும் சுழற்சியின் எண், இரண்டு ஏற வேண்டும். ஒன்று மட்டும் ஏறினாலோ, ஏறாமலே இருந்தாலோ தடுப்பான் இருக்கிறது. சிலிக்கா தூண் வகைக் கிட்டில் ஒருமுறை ஓட்டினால் போய்விடும்.

கலந்துவிட்ட டிஎன்ஏ-வைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் நொதி கொடுப்பதைத் தவிர்க்கவே வேண்டாம். பிறகு 260/280 விகிதம் 2-ஐ ஒட்டியும், ஜெல்லில் 28எஸ், 18எஸ் என்ற ரைபோசோம் ஆர்என்ஏ பட்டைகள் தெளிவாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். கீழே இழுத்துக்கொண்டு போனால் ஆர்என்ஏ சிதைந்திருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு மேலே போவது வீண் செலவு.

கியூபிசிஆர்

எல்லா மாதிரியிலும் ஒரே அளவு, 500 நானோகிராம் ஆர்என்ஏ எடுத்து 20 மைக்ரோலிட்டரில் சிடிஎன்ஏ செய்து, பத்து மடங்கு நீர்த்து வைக்கவும். ஒவ்வொரு மாதிரிக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் (ஆர்என்ஏ-வை டிஎன்ஏ-வாக எழுதும் நொதி) சேர்க்காத ஒரு குழாயும் கூடவே ஓட வேண்டும். அதன் சிடி, நொதி சேர்த்ததைவிடக் குறைந்தது ஏழு சுழற்சி பின்னால் வந்தால் டிஎன்ஏ கலப்பு பொருட்டல்ல.

ப்ரைமர்களை (பெருக்க வேண்டிய துண்டின் இரு முனையிலும் ஒட்டும் சிறு டிஎன்ஏ இழைகள்) நீங்களே வடிவமைத்தால் துண்டு 80 முதல் 150 கார இணைகள், உருகுநிலை 60 டிகிரி, இரண்டு எக்ஸான்கள் (எம்ஆர்என்ஏ-வில் தங்கும் மரபணுப் பகுதிகள்) சேரும் இடத்தில் ஒன்று அமரும்படி. எலும்பு மீன்களின் மூதாதையில் முழு மரபணுத் தொகுதியும் ஒருமுறை இரட்டித்தது. அதனால் பல மரபணுக்களுக்கு இரட்டைப் பிரதிகள் உண்டு. சிப்1 குடும்பத்திலேயே 1பி1, 1சி1, 1சி2, 1டி1 என்று உறவினர்கள் இருக்கிறார்கள். ப்ரைமரை வரிக்குதிரை மீன் மரபணுத் தொகுதி முழுவதோடும் ஒப்பிட்டு, சிப்1ஏ-வில் மட்டும் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே ஆர்டர் கொடுங்கள்.

10 மைக்ரோலிட்டர் வினை: சைபர் கிரீன் கலவை 5, ப்ரைமர்கள் ஒவ்வொன்றும் இறுதியில் 0.4 மைக்ரோமோலார், சிடிஎன்ஏ 2, மீதி நீர். 95 டிகிரியில் 3 நிமிடம், பிறகு 95-இல் 10 விநாடியும் 60-இல் 30 விநாடியும் 40 முறை, கடைசியில் உருகு வளைவு. ஒற்றைக் கூம்பு வர வேண்டும். 75 டிகிரிப் பக்கம் இன்னொரு சிறு கூம்பு எழுந்தால் அது பெரும்பாலும் ப்ரைமர்கள் தமக்குள் ஒட்டியது. கட்டுப்பாட்டுக் குழுவில் சிப்1ஏ குறைவு என்பதால் இது அங்கேதான் முதலில் தலைகாட்டும். அங்கே சிடி பொய்யாகக் குறைந்து, ஏற்றத்தின் மடங்கும் சுருங்கும்.

மாசால் மாறாமல் நின்று அளவுகோலாக உதவும் ஒப்பு மரபணு குறைந்தது இரண்டு வேண்டும். ஈஎஃப்1ஏ, ஆர்பிஎல்13ஏ இரண்டும் குஞ்சுகளில் நன்றாக நிற்கின்றன. 18எஸ் வேண்டாம். அது எக்கச்சக்கமாக இருப்பதால் சிப்1ஏ போன்ற அரிய எம்ஆர்என்ஏ-வோடு ஒப்பிட ஏற்றதல்ல. எந்த மரபணுவை எடுத்தாலும், உங்கள் மாசு அதை அசைக்கவில்லை என்று உங்கள் தட்டிலேயே காட்ட வேண்டும். ஆறு குவளையிலும் ஈஎஃப்1ஏ-வின் சிடி அரைச் சுழற்சிக்குள் நிற்க வேண்டும். அளவு ஏற ஏற அதுவும் ஒரு பக்கமாக நகர்ந்தால் அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

ப்ரைமர் திறனை ஐந்து படி நீர்த்தலால் அளக்காமல் இரண்டின் அடுக்காகக் கணக்கிடுவது முடிவை எவ்வளவு கோணலாக்கும் என்று ஒரு மாதிரிக் கணக்கில் பார்க்கலாம். கட்டுப்பாட்டில் சிப்1ஏ சிடி 28.0, ஈஎஃப்1ஏ 18.0 என்று வைத்துக்கொள்வோம். மாசுக் குழுவில் 23.5, 18.1. வித்தியாசங்கள் 10.0, 5.4. இரண்டுக்கும் இடைவெளி 4.6. இரண்டின் 4.6-ஆம் அடுக்கு ஏறத்தாழ 24. ஆக 24 மடங்கு ஏற்றம். ஆனால் சிப்1ஏ ப்ரைமரின் திறன் சுழற்சிக்கு 2 அல்ல, 1.85 என்றால்? 1.85-இன் 4.5-ஆம் அடுக்கு கிட்டத்தட்ட 15.9. ஈஎஃப்1ஏ-வின் 0.1 சுழற்சியையும் சேர்த்துச் சரிசெய்தால் 17 மடங்கு. சிடி எண்கள் அப்படியேதான் இருக்கின்றன, முடிவு மட்டும் 24-இலிருந்து 17-க்கு இறங்கிவிட்டது. திறன் 90 முதல் 110 விழுக்காட்டுக்குள் இல்லாத ப்ரைமரை மாற்றுவதே நல்லது. நேர்கோட்டின் சாய்வில் சொன்னால் மைனஸ் 3.6-க்கும் மைனஸ் 3.1-க்கும் நடுவில்.

புள்ளியியலில் ஒன்றே ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். ஒரே குவளையிலிருந்து மூன்று குழாய் எடுத்து, ஒவ்வொன்றையும் மூன்று குழியில் ஓட்டி, 'ஒன்பது மாதிரி' என்று எழுதக் கூடாது. அது ஒரே மாதிரிதான். வெவ்வேறு நாளில், வெவ்வேறு முட்டைத் தொகுதியில், புதிதாகக் கரைத்த மருந்தோடு செய்த சுற்றுகளே தனித்தனி மாதிரிகள். நான்கைந்து சுற்றாவது வேண்டும். சோதனைக் கணக்கை மடங்கு எண்களில் அல்லாமல் சிடி வித்தியாசங்களில் போடுங்கள். மடங்குகள் ஒரு பக்கம் நீண்டு கிடக்கும், சராசரியை இழுத்துவிடும்.

வண்டல் மாதிரிக்குப் போகும்போது

பிஎன்எஃப்-இல் அளவுக்கேற்ற ஏற்றம் சுற்றுக்குச் சுற்று மாறாமல் வந்த பிறகே களத்து மாதிரியைத் தொடுங்கள். நகரத்துக் கால்வாய் நீரை நேரடியாகக் குஞ்சுக்குக் கொடுத்தால் பெரும்பாலும் அம்மோனியாவாலும் ஆக்சிஜன் இன்மையாலும் செத்துவிடும், மரபணுவைக் கேட்கவே வாய்ப்பிருக்காது. பிஏஹெச் தங்குவது வண்டலில்தான். வண்டலை நிழலில் உலர்த்திச் சலித்து, ஹெக்சேன்-அசிட்டோன் கலவையில் அல்ட்ராசோனிக் குளியலில் பிழிந்து, வற்றவைத்து, கடைசியில் டிஎம்எஸ்ஓ-வுக்கு மாற்றுங்கள். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் கருப்பு வண்டலில் தனிமக் கந்தகம் நிறைய இருக்கும், அது தனியாகவே குஞ்சைக் கொல்லும். அமிலத்தில் கழுவிய செப்புத் துகளைச் சாற்றில் போட்டு வைத்தால் கந்தகம் செப்பில் படிந்து கருக்கும். செப்பு பளபளப்பாக நிற்கும்வரை புதுத் துகள் போடுங்கள்.

வண்டல் இல்லாமல் இதே கரைப்பான்கள், இதே செப்பு, இதே குடுவை எல்லாவற்றையும் கடந்துவந்த வெற்றுச் சாறு ஒன்று கட்டாயம் வேண்டும். அதிலும் சிப்1ஏ ஏறினால் குற்றவாளி கரைப்பான் பாட்டிலோ ரப்பர் மூடியோதான்.

அளவை 'ஒரு மி.லி. கரைசலுக்கு எத்தனை மில்லிகிராம் உலர் வண்டலின் சாறு' என்று எழுதுங்கள். அளவை ஏற்றிக்கொண்டே போனால் சிப்1ஏ ஓர் இடத்தில் உச்சம் தொட்டு இறங்கும். அந்த இறக்கத்துக்குக் காரணம் நச்சு முற்றி, செல்லே எழுத முடியாமல் போவது. ஒரே ஓர் அதிக அளவை மட்டும் சோதித்தவர் அந்த இறக்கத்தைப் பார்த்து 'இந்த வண்டலில் மாசு இல்லை' என்று எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது.

ஏற்றம் எந்த வகைப் பொருளால் என்று கொஞ்சம் பிரிக்கவும் வழி உண்டு. 96 மணியில் பாதிக் குஞ்சுகளைச் சுத்தமான ஈ3-க்கு மாற்றி, நெறிமுறைக் குழு அனுமதித்த நேரத்துக்குள் மறுபடி அளங்கள். பிஏஹெச்களைச் சிப்1ஏ புரதமே சிதைத்துவிடுவதால் ஏற்றம் தணியும். டயாக்சின் வகைகளும் பிசிபி-126 போன்றவையும் எளிதில் சிதையாது, ஏற்றம் அப்படியே நிற்கும். எம்ஆர்என்ஏ ஏறியது புரதமாகவும் மாறியதா என்று பார்க்க ஈராட் சோதனை இருக்கிறது. எத்தாக்சிரெசோருஃபினை நொதி வெட்டும்போது பிறக்கும் ரெசோருஃபினின் சிவப்பு ஒளிர்வை அளப்பது அது. இரண்டும் ஒத்துப்போகாத இடங்களில்தான் விஷயம் இருக்கிறது: எம்ஆர்என்ஏ ஏறி ஈராட் ஏறாவிட்டால், சாற்றில் உள்ள ஏதோ ஒன்று நொதியையே அடைத்து வைத்திருக்கிறது என்று பொருள் கொள்ளலாம்.

காட்டு மீனைப் பிடித்து அதன் ஈரலில் சிப்1ஏ அளப்பவர்கள் ஹட்சன் ஆற்று டாம்காட் மீனைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1947 முதல் 1976 வரை நியூயார்க் மாநிலத்தின் அந்த ஆற்றில் ஆலைகளிலிருந்து பிசிபி கலந்தது. அங்குள்ள டாம்காட் மீன்களில் பெரும்பாலானவற்றின் ஏஹெச்ஆர்2 மரபணுவில் ஆறு காரங்கள் காணாமல்போய், புரதத்தில் இரண்டு அமினோ அமிலங்கள் குறைந்திருப்பதை 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த ஏற்பி பிசிபியோடு சரியாகப் பொருந்துவதில்லை, அதனால் சிப்1ஏ-வும் எளிதில் எழுவதில்லை. மீன் உயிரோடு இருக்கிறது, உடம்பில் பிசிபியும் இருக்கிறது, அளவீட்டில் மட்டும் ஒன்றும் தெரியாது. தலைமுறை தலைமுறையாக மாசில் வாழும் நம் ஊர்க் கால்வாய் மீனிலும் சிப்1ஏ தாழ்வாக வந்தால், அதே வண்டலின் சாற்றை ஆய்வக வரிக்குதிரை மீன்குஞ்சுக்கும் கொடுத்துப் பார்த்த பிறகுதான் எதையும் எழுத வேண்டும். அதேபோல, சிப்1ஏ ஏறியது என்றால் ஏஹெச்ஆரை எழுப்பும் பொருள் உடலுக்குள் போனது என்று மட்டுமே சொல்லலாம். அழுகும் தாவரப் பொருள்களிலும் ஏஹெச்ஆரை எழுப்பும் இயற்கைச் சேர்மங்கள் உண்டு. மீனுக்குக் கேடு விளைந்ததா என்பதற்கு இதய வீக்கம், தாடை வளர்ச்சி, நீந்தும் திறன் என்று வேறு அளவீடுகள் வேண்டும்.

மீந்த சிடிஎன்ஏ-வைக் கொட்டிவிடாதீர்கள். அதிலேயே எம்டி2 மரபணுவை ஓட்டினால் காட்மியம், துத்தநாகம், செம்பு போன்ற உலோகங்களின் தாக்கம் தெரியும். செப்புத் துகளால் சுத்தம் செய்த சாறு என்றால் வெற்றுச் சாற்றோடு ஒப்பிட்ட பிறகே அதை நம்ப வேண்டும். ஈஸ்ட்ரோஜன் போல நடிக்கும் பொருள்களுக்கு மூளையில் எழும் சிப்19ஏ1பி பொருத்தமானது. 2021-இல் வந்த ஓஇசிடி 250 வழிகாட்டி அந்த மரபணுவை ஒளிர்புரதத்தோடு இணைத்த மீன்களில்தான் செய்யப்படுகிறது. ஆனால் அதில் குஞ்சுகளைக் கருவுற்ற சில மணி நேரத்திலேயே மருந்தில் விட்டு 96 மணி வரை வைக்கிறார்கள். 72 மணியில் தொடங்கிய நம் குஞ்சுகளில் ஏற்றம் வராவிட்டால் ஈஸ்ட்ரோஜன் இல்லை என்று எழுத முடியாது. அதற்கு முட்டையிலிருந்தே தொடங்கும் தனிக் குவளை வரிசை வேண்டும், எத்தினைல் எஸ்ட்ராடயாலை நேர்மறைக் கட்டுப்பாடாக வைத்து. பயன்படுத்திய கரைசல்கள் எல்லாம் கரிமக் கழிவுக் கேனுக்குப் போகட்டும். எத்தினைல் எஸ்ட்ராடயால் லிட்டருக்குச் சில நானோகிராம் அளவிலேயே ஆண் மீனை முட்டைப் புரதம் சுரக்க வைக்கும் பொருள். ஒரு துளியும் சிங்கில் போகக் கூடாது.